ஊஞ்சலுக்குக் கீழே

குன்னூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள கவுன்சிலரம்மாவுக்கு,

இப்படிக் கூப்பிட்டால் முறைப்பாய், தெரியும். மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்தக் கோபத்தை நேரில் வந்து தீர்த்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. நம் பிரம்பு டீச்சரை இங்கே குன்னூர் பெட்ஃபோர்டில் பார்த்தேன், முதல் வார்த்தையே உன்னைப் பற்றித்தான். குடை விஷயத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆத்தங்கரைப் பூங்காவுக்கு என்று நீ அனுப்பிய வரைபடத்தை நாலு தடவை விரித்துப் பார்த்துவிட்டேன். உன் பேரூராட்சியில் இப்படி ஒரு இடம் வரப்போகிறது என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஆனால் ஒரு இடத்தில் மனசு நின்றுவிட்டது. விளையாட்டுப் பகுதி முழுக்க ‘பேவர் பிளாக் தளம்’ என்று போட்டிருக்கிறார்கள். டெண்டர் போவதற்கு முன் அந்த வரியை அடித்துவிடு. மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், இது மட்டும் முடியாது.

விளையாட்டு மைதானத்தில் பெரிய காயங்கள் பெரும்பாலும் கீழே விழுவதால்தான் வருகின்றன. பேவர் பிளாக், சிமெண்ட், தார், நன்றாக மிதிபட்ட கெட்டி மண் இதில் எதுவுமே விழுகிற தலையைத் தாங்காது. புல்லும் தாங்காது. ஊஞ்சலுக்கு அடியில் புல் ஒரு மாதத்தில் தேய்ந்து, அங்கே பாறை மாதிரி ஒரு குழிதான் மிஞ்சும். தளர்வாகக் கொட்டிய பொருள்தான் வேண்டும். மணல் என்றால் 9 இன்ச் ஆழத்துக்கு 4 அடி உயரத்து விழுதலைத்தான் தாங்கும். மரச்சில்லு அதே 9 இன்ச்சில் 10 அடி வரை தாங்கும். அந்த 9 இன்ச் என்பது அமுங்கிய பிறகு இருக்க வேண்டிய கனம். அதனால் கொட்டும்போதே 12 இன்ச் கொட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் ‘9 இன்ச்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் அமுங்கி அது 7 இன்ச்சுக்கும் கீழே போய்விடும். ஒப்பந்தத்தில் 12 என்றே எழுதச் சொல்.

உங்கள் பக்கம் மரச்சில்லுக்குப் பஞ்சமில்லை. டீ எஸ்டேட்டில் கழிக்கிற சில்வர் ஓக் கிளை போதும். அரை இன்ச் முதல் இரண்டு இன்ச் வரை துண்டுகளாக இருக்கட்டும். மரத்தூள் கலந்தால் மழையில் களியாகிவிடும். ஆணி அடித்த பழைய பலகை, பெயிண்ட் அடித்த சட்டம் எதையும் சில்லாக்க விடாதே. கொட்டுவதற்கு முன் அடியில் வடிகால் இருந்தாக வேண்டும். மண்ணைத் தோண்டி ஒரு பக்கமாக வாட்டம் கொடுத்து, 3 முதல் 6 இன்ச் ஜல்லி பரப்பி, மேலே தண்ணீரை மட்டும் இறங்க விடுகிற ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, அதற்கு மேல்தான் சில்லு. துணி இல்லாவிட்டால் சில்லு ஜல்லிக்குள் இறங்கிவிடும், ஜல்லி மேலே வந்து குழந்தைகளின் முட்டியைக் கிழிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாமல் பெய்கிற உங்கள் ஊரில் வடிகால் இல்லாத சில்லு ஒரு பருவத்திலேயே மக்கிப்போய்விடும். எங்கள் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபருக்கு மேல்தான் வரும். இங்கே மே மாதம் தொடங்குகிற வேலையை அங்கே மே மாதம் ஆரம்பிக்கக்கூடாது. உங்கள் ஜூனியர் இன்ஜினியர் (ஜே.இ.) இங்கிருந்து மாற்றலாகி வந்தவர் என்றாயே, அவர் கையில் இருப்பது எங்கள் ஊர்க் காலண்டராக இருக்கலாம்.

இப்போது இடம். வரைபடத்தில் 60 அடிக்கு 25 அடி நிலத்தில் நாலு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், ஒரு சீசா, ஒரு சுற்று ராட்டினம் எல்லாம் அடைத்து வைத்திருக்கிறார்கள். நீயே ஒரு டேப் எடுத்துக் கணக்குப் போடு. ஊஞ்சலின் மேல் கம்பி தரையிலிருந்து 8 அடி உயரம் என்றால் அதற்கு முன்னால் 16 அடி, பின்னால் 16 அடி காலியாக இருக்க வேண்டும். உயரத்தைப் போல் இரண்டு மடங்கு, அதுதான் கணக்கு. வேகத்தில் கைவிட்டுக் குதிக்கிற பிள்ளை அங்கேதான் வந்து விழும். ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சலுக்கு மேல் மாட்டவே கூடாது. மூன்றாவது இருந்தால் நடு ஊஞ்சலுக்குப் போகிற குழந்தை ஆடுகிற ஊஞ்சலின் குறுக்கே நடந்தாக வேண்டும். ஊஞ்சலுக்கும் ஊஞ்சலுக்கும் 24 இன்ச், ஓர ஊஞ்சலுக்கும் காலுக்கும் 30 இன்ச். இருக்கை 18 இன்ச் என்று வைத்தால் 30, 18, 24, 18, 30, மொத்தம் 120 இன்ச், 10 அடி. இரண்டு பக்கமும் ஆறாறு அடி விட்டால் 22. ஆக ஒரே ஒரு இரட்டை ஊஞ்சலுக்கே 32க்கு 22 அடி, 704 சதுர அடி. ஓர் அடி கனத்துக்குச் சில்லு என்றால், நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில், ஏழு யூனிட். மீதி இருக்கிற 28 அடியில் ஒரு சறுக்கு மரம் சுற்றிலும் ஆறடி விட்டு வசதியாக நிற்கும். அவ்வளவுதான் அந்த இடம். நாலு சாமானை நெருக்கிப் போட்டுத் திறப்பு விழா நடத்துவதை விட இரண்டைச் சரியாகப் போடுவது மேல் என்று கூட்டத்தில் சொல். உன் குரலுக்கு மைக் வேண்டாம் என்பது ஊரறிந்த விஷயம்.

இருக்கை பலகையாகவோ இரும்பாகவோ இருக்கக் கூடாது, ரப்பர் பட்டைதான். ஆடுகிற இரும்பு இருக்கை எதிரே வருகிற பிள்ளையின் நெற்றியைப் பிளந்துவிடும். சங்கிலி மாட்டுகிற கொக்கியின் வாய் முழுக்க நெரித்து மூடியிருக்க வேண்டும், ஒரு நாணயத்தின் ஓரம்கூட நுழையக் கூடாது. ஏணிப்படி, கைப்பிடிக் கம்பி எங்கேயும் மூன்றரை இன்ச்சுக்கு மேல் 9 இன்ச்சுக்குக் கீழ் இடைவெளி இருக்கவே கூடாது. அந்த அளவில் குழந்தையின் உடம்பு நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். இதை மட்டும் தயவுசெய்து நீயே அளந்து பார். நம் மலைக்கென்று இன்னொன்று உண்டு. இங்கே பிள்ளைகள் வருஷம் முழுக்க மப்ளர், குல்லாக் கயிறு, தொப்பி வைத்த ஸ்வெட்டரோடுதான் திரிவார்கள். சறுக்கு மரத்து உச்சியில் ஒரு போல்ட் முனை நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கயிறு அதில் சிக்கி, பிள்ளை கீழே சறுக்கிப் போகும்போது கழுத்து இறுகும். எல்லா போல்ட்டுக்கும் மூடி போட வேண்டும். பக்கத்திலேயே ஒரு கம்பியில் நாலு கொக்கி வைத்து, ‘மப்ளரை இங்கே மாட்டிவிட்டு ஏறு’ என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

ஆற்றைப் பற்றி எழுதாமல் விட முடியாது. வரைபடத்தில் விளையாட்டுப் பகுதி கரையை ஒட்டியே இருக்கிறது. மரச்சில்லு தண்ணீரில் மிதக்கும். ஒரு வெள்ளம் வந்தால் ஏழு யூனிட்டும் உங்கள் புன்னம்புழா ஆற்றோடு கேரளாவுக்குப் போய்விடும், ஊஞ்சல் மறுபடியும் வெறுந்தரை மேல் நிற்கும். அதனால் ஊஞ்சல் மேட்டுக்கு, ரோட்டுப் பக்கம் வரட்டும். தாழ்வான கரையில் புல்லும் நடைபாதையும் போதும், நனைந்தாலும் நஷ்டமில்லை. கரை ஓரமாகக் கம்பி வேலி வேண்டாம். வெள்ளத்தில் வருகிற கிளையும் சருகும் அதில் அடைத்துக்கொண்டு, வேலியே அணைபோல் நின்று தண்ணீரைப் பூங்காவுக்குள் திருப்பிவிடும். தடுப்புச் சுவர் கட்டலாம் என்று யாராவது சொன்னால், சுவர் முடிகிற இடத்தில் ஆறு கரையை அரிக்கும் என்று சொல். இருக்கிற மரங்களின் வேரே கரையைப் பிடித்து வைத்திருக்கிறது. பிள்ளைகள் ஆற்றில் இறங்காமல் இருக்க நடைபாதைக்கும் தண்ணீருக்கும் நடுவே அடர்த்தியாக ஒரு புதர் வரிசை, இறங்க ஒரே ஒரு படித்துறை, அங்கே கயிறு கட்டிய மிதவை வளையம். இவ்வளவு போதும்.

நடைபாதை ஆறடி அகலம் வேண்டும். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலையில் உங்கள் ஊர் அட்டைப்பூச்சி எப்படிப்பட்டது என்று மூணாவது பெஞ்சுக்காரியான உனக்கு நன்றாகவே தெரியும். இரண்டு பக்கமும் ஒரு முழம் புல்லை ஒட்ட வெட்டி வைத்தால் அட்டை வெகுவாகக் குறையும். குறுக்கு வாட்டம் 4 அடிக்கு ஓர் இன்ச். அதற்கு மேல் சாய்ந்தால் சக்கர நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும், அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். மேலிருந்து இறங்குகிற சரிவு 12 அடிக்கு ஓர் அடிக்கு மேல் போகக் கூடாது. அங்கே வழவழப்பான டைல்ஸ் ஒட்ட யாரையும் விடாதே.

மரம் நடுவதில் நீ ஆர்வமாக இருப்பாய். பலா மட்டும் வேண்டாம், வாழையும் வேண்டாம். பழுக்கிற வாசனைக்கு யானை வரும். வந்த இடத்துக்கு அடுத்த வருஷமும் வரும். பிறகு பூங்காவைப் பூட்டச் சொல்வார்கள். நாவல் நடு. மூலையில் மண்டிக்கிடக்கிற உன்னிச்செடியை அரிவாளால் வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்கு துளிர்க்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டரில் ஆணிவேரை வெட்டி, செடியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வானத்தைப் பார்க்கக் காயப்போட வேண்டும். காய் பழுப்பதற்கு முன் செய்தால் பறவை விதை பரப்பாது. அப்படியும் மழைக்குப் பிறகு முளைக்கிற நாற்றுகளை ஒரு சுற்று கையால் பிடுங்கத்தான் வேண்டும்.

பையன்களுக்கு வாலிபால் போதும், கிரிக்கெட்டுக்கு அங்கே இடமில்லை. ஆடுகளம் 18 மீட்டருக்கு 9, சுற்றிலும் 3 மீட்டர் விட்டு 24க்கு 15. நீளம் வடக்கு தெற்காக இருந்தால் சாயங்கால வெயில் கண்ணில் அடிக்காது. வலைக் கம்பத்தில் பையன்களுக்கு 2.43, பெண்பிள்ளைகளுக்கு 2.24 என்று இரண்டு உயரத்துக்கும் கொக்கி வைக்கச் சொல். ஒரே கொக்கி இருந்தால் பெண்பிள்ளைகள் ஆட மாட்டார்கள் என்பதல்ல, ஆட விட மாட்டார்கள். வாரத்தில் இரண்டு மாலை அவர்களுக்கென்று பலகையிலேயே எழுதிப்போடு.

முடிந்தால் குழுவை ஒரு வேலை நாளில் இங்கே சிம்ஸ் பூங்காவுக்குக் கூட்டி வா. 1874இல் உண்டாக்கியது. மலைச்சரிவை வெட்டி மட்டப்படுத்தாமல், சரிவு போகிற போக்கிலேயே பாதையை வளைத்து, தாழ்வான இடத்தில் குளத்தை வைத்திருக்கிறார்கள். உங்கள் ஜே.இ. அதைப் பார்த்தால் ஜேசிபியை வரவழைக்கிற எண்ணத்தைக் கொஞ்சம் ஒத்திப்போடுவார்.

கடைசியாகப் பணம். கட்டுவதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள், பராமரிக்க ஒரு பைசாவைக் காணோம். ஒரு ஆள், ஒரு ரேக், ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஊஞ்சலுக்கு அடியில் கால் உதைத்து உண்டாகிற குழியைத் தினமும் காலையில் இழுத்து நிரப்ப வேண்டும். சட்டத்தின் நாலு காலிலும் சில்லு மட்டத்துக்குச் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், கோடு வெளியே தெரிகிற அன்று சில்லு வாங்க வேண்டும் என்று யாருக்கும் புரியும். கால் மண்ணோடு சேருகிற இடத்தில்தான் துரு முதலில் அரிக்கும். மாதம் ஒரு முறை சில்லை விலக்கி அங்கே தட்டிப் பார்க்கட்டும்.

உடனே எனக்கு ஒன்று வேண்டும். 2019 ஆகஸ்ட் மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பாலத்தடி டீக்கடை அண்ணனைக் கேட்டு, தூணில் அந்த இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, அங்கிருந்து பூங்கா நிலம் எத்தனை அடி மேலே அல்லது கீழே என்று அளந்து எழுது. ஊஞ்சல் எங்கே நிற்கலாம் என்பது அந்த அளவைப் பொறுத்தது. புதன்கிழமை கூட்டம் என்றாய், செவ்வாய் ராத்திரிக்குள் போன் பண்ணு. எட்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

சின்னவளுக்கு என் முத்தம். உன் மாமியாருக்கு வணக்கம் சொல், ஊறுகாய் வந்து சேர்ந்தது.

உன்
குன்னூர்க்காரி