போனை ரஷ்யன் மொழிக்கு மாற்றப் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் கால் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன், போகவே இல்லை. "அம்மா, என் போனை முழுக்க ரஷ்யனுக்கு மாத்திடவா?" என்றாய். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்றேன். உன் காதில் விழுந்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மதியம் கடையில் கூட்டம் இல்லாதபோது ரீசார்ஜ் நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்து, அப்புறம் போனில் டைப் செய்தேன். நடுநடுவே அறுந்து அறுந்து இருந்தால் கண்டுகொள்ளாதே.

வேண்டாம் என்று ஏன் சொன்னேன் தெரியுமா? பயம்தான். நம் கடைக்கு மாதத்துக்கு நாலு பேராவது "போன் ஹிந்திக்கு மாறிடுச்சு" என்று வந்து நிற்பார்கள். பேரன் விளையாடியிருப்பான், இல்லை சட்டைப் பையிலேயே அமுங்கியிருக்கும். போன வாரம் வந்த தாத்தா, பென்ஷன் மெசேஜைக் கூடப் பார்க்க முடியாமல் ரெண்டு நாள் போனை மஞ்சப் பையில் சுற்றி வைத்திருக்கிறார். ஏதோ தொற்றுநோய் வந்த மாதிரி. நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். அதே மாடல் போன் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேலிருந்து எத்தனையாவது வரி என்று எண்ணி எண்ணிப் போவேன். எந்த மொழியில் இருந்தாலும் செட்டிங்ஸின் வரிசை மாறாது. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போகிற பையன் ஒருத்தன் முழுக்க ரஷ்யனில் இருந்த போனைக் கொண்டு வந்தபோதும் இப்படித்தான் எண்ணி மாற்றிக் கொடுத்தேன். ஆனால் ரஷ்யாவில், நீ படிக்கிற கஸானில், உன் பக்கத்தில் வைக்க இன்னொரு போனும் இல்லை, எண்ணிச் சொல்ல நானும் இல்லை. அந்த நினைப்பில் வாய் தானாக "வேண்டாம்" என்றது.

திங்கட்கிழமை மதியம் மனசு கேட்கவில்லை. ஷோகேஸ் கீழே கிடந்த, மூலை உடைந்த பழைய போனை எடுத்து ரஷ்யனுக்கு மாற்றிவிட்டேன். இப்போது அது கல்லாப்பெட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. நீ முதல் வருஷ லீவுக்கு வந்தபோது விட்டுப்போன ரஷ்யன் நோட்டு அலமாரியில் இருந்தது, அதையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்பா சர்வீஸ் டேபிளிலிருந்து தலையை நிமிர்த்தி, "ஒருத்தி டாக்டருக்குப் படிக்கிறா, இன்னொருத்தி எதுக்குப் படிக்கிறா?" என்றார். சிரிக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செட்டிங்ஸ், சிஸ்டம், லாங்குவேஜஸ் என்று போய் 'ஆட் எ லாங்குவேஜ்' அமுக்கினால் ரஷ்யன் அதன் சொந்த எழுத்திலேயே இருக்கும். 'ரூஸ்கி' என்று படிக்க வேண்டும். அதைத் தொட்டதும் எந்த நாடு என்று கேட்கும். பெலாரூஸ், கஜகஸ்தான், உக்ரைன் எல்லாம் வரும். நீ ரஷ்யாவையே எடு. சிஸ்டம் என்பதற்குப் பதில் சாம்சங் என்றால் ஜெனரல் மேனேஜ்மென்ட், ஷாவ்மி என்றால் அடிஷனல் செட்டிங்ஸ். ஹாஸ்டலில் யாராவது கேட்டால் சொல்லு. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்தில்தான் இருக்கும். போன் எந்த மொழியில் மாட்டிக்கொண்டாலும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால், 'தமிழ்' என்று தமிழிலேயே உட்கார்ந்திருக்கும். பட்டியல் வரை போகிற வழியை மட்டும் மாற்றுவதற்கு முன்னாலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரூம்மேட் போனுக்கு அனுப்பி வை. உன் போனிலேயே வைத்துக்கொண்டால் கேலரியைத் தேடுவதற்குள் அழுதுவிடுவாய்.

இங்கிலீஷை எடுத்துவிடாதே. ஆண்ட்ராய்டு 7 வந்ததிலிருந்து, அதாவது 2016லிருந்து, மொழிகளை வரிசையாக அடுக்கலாம். முதலில் ரஷ்யன், அடுத்தது இங்கிலீஷ், மூன்றாவது தமிழ் என்று இழுத்து வை. ஒரு ஆப்பில் ரஷ்யன் இல்லை என்றால் போன் அடுத்த வரிக்குப் போகும். நம் ஊர் பேங்க் ஆப்பில் ரஷ்யனை யார் எழுதி வைத்திருப்பார்கள்? அது பாட்டுக்கு இங்கிலீஷில் திறக்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. உன் போன் ஆண்ட்ராய்டு 13க்கு மேல்தானே? 2022ல் வந்த அந்த வெர்ஷனிலிருந்து ஆப் வாரியாக மொழி வைக்கலாம். லாங்குவேஜஸ் பக்கத்திலேயே 'ஆப் லாங்குவேஜஸ்' என்று இருக்கும். ஆப் எழுதியவர்கள் இடம் கொடுத்திருந்தால்தான் அது அந்தப் பட்டியலில் வரும், எல்லாம் வராது. டெலிகிராமுக்கு அதன் செட்டிங்ஸிலேயே தனி மொழி இருக்கிறது, போன் என்ன மொழி என்று அது கவலைப்படாது. முதல் மாதம் கடிகாரம், காலண்டர், மேப், வானிலை, இந்த நாலை மட்டும் ரஷ்யனாக்கு. தினமும் பார்ப்பவை, தப்பாக அமுக்கினாலும் குடி முழுகாது. பணம் சம்பந்தப்பட்டது எதையும் தொடாதே. மாற்றும்போது ஹாஸ்டல் வைஃபையில் வைத்து மாற்று. இப்போது வருகிற பல ஆப்புகளில் எல்லா மொழியும் சேர்ந்து இறங்குவதில்லை, உனக்கு வேண்டிய மொழியைப் பிளே ஸ்டோர் அப்புறமாகத்தான் இறக்கித் தரும். நெட் இல்லாவிட்டால் பாதி ரஷ்யன் பாதி இங்கிலீஷ் என்று நிற்கும்.

இனி உன் அம்மா தடுக்கி விழுந்த இடங்கள். பெட்டி ஒன்று வந்து இரண்டு பட்டன் காட்டும்போது, 'அத்மேனா' என்றால் கேன்சல், 'அத்பிராவித்' என்றால் அனுப்பு. இரண்டுக்கும் முதல் இரண்டு எழுத்து ஒன்றேதான். ஓ என்று எழுதிவிட்டு ஆ மாதிரி படிக்கிறார்கள், அது வேறு. அவசரத்தில் முதல் எழுத்தைப் பார்த்து அமுக்குகிற ஆள் நீ. அங்கே போன முதல் வாரம் ரெஸ்டாரன்ட் போர்டை இங்கிலீஷ் எழுத்து என்று நினைத்து 'பெக்டோபா' என்று படித்துவிட்டு, அது என்ன கடை என்று என்னிடம் கேட்டவள்தானே! 'உதலீத்' என்றால் அழிப்பது. 'ஸஹ்ரனீத்' என்றால் சேமிப்பது. இந்த நாலும் தூக்கத்தில் கேட்டாலும் வருகிற வரை முழு போனையும் மாற்றாதே.

அடுத்தது கமா. நேற்று அந்தப் போன் கால்குலேட்டரில் கணக்குப் போட்டேன். புள்ளி இருக்க வேண்டிய பட்டனில் கமா இருக்கிறது. ரஷ்யனில் தசமத்துக்கு அதுதான். இரண்டரை என்பது 2,5. நாம் ஆயிரத்துக்குக் கமா போட்டு வளர்ந்தவர்கள். 1,500 என்று பார்த்தால் என் கண்ணுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் தெரியும், அவர்கள் கணக்கில் அது ஒன்றரை. ஆயிரத்துக்கு அவர்கள் நடுவில் கொஞ்சம் இடம் விட்டுவிடுகிறார்கள். செல் கடையில் இது வேடிக்கை. நீ நாளைக்கு ஊசி மருந்து அளவு பார்க்கிறவள். போனில் பார்த்துப் பார்த்துக் கண் பழகினால் வார்டில் கை தடுமாறாது என்று தோன்றுகிறது. காலண்டரும் திங்கட்கிழமையில்தான் ஆரம்பிக்கும். நம் வீட்டு மாதக் காலண்டர் பழக்கத்தில் முதல் கட்டத்தை ஞாயிறு என்று நினைத்துக் கிளாஸைக் கோட்டை விட்டுவிடாதே.

உன் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஃபாய்ல், ஃபாய்லா, ஃபாய்லஃப் என்று எழுதி வைத்திருக்கிறாய். முதலில் புரியவில்லை. ஒரு ஃபைல் என்றால் ஃபாய்ல், இரண்டு மூன்று நாலுக்கு ஃபாய்லா, ஐந்திலிருந்து இருபது வரை ஃபாய்லஃப், இருபத்தொன்று வந்ததும் மறுபடி ஃபாய்ல். என்ன கூத்து இது! தமிழுக்கு ஒருமை பன்மை இரண்டு எழுதிக் கொடுத்தால் ஆப்பில் வேலை முடிந்தது. ரஷ்யனுக்கு ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக எழுதித் தர வேண்டும். போன் அதைச் சரியாகச் சொல்லும்போதெல்லாம் உனக்கு இலவச டியூஷன்.

அதே நோட்டில் பார்த்த இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. போனில் மொழிக்கு 'யிஸீக்' என்று போட்டிருக்கிறது. உன் நோட்டில் அதே வார்த்தைக்கு நேராக 'நாக்கு' என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில் நோயாளியிடம் சொல்ல வேண்டியது, 'பகஜீத்தே யிஸீக்', நாக்கைக் காட்டுங்கள். செட்டிங்ஸில் நாக்கை மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அங்கேதான் ஒன்று கவனித்தேன். பட்டன்களில் வருகிற வார்த்தைகள் பெரும்பாலும் 'அழிக்க', 'சேமிக்க', 'அனுப்ப' என்கிற மாதிரி இருக்கின்றன. தமிழ் போன் 'நீக்கு', 'சேமி' என்று நம்மை ஏவும், ரஷ்யன் போன் ஏவுவதில்லை. நீ வார்டில் சொல்ல வேண்டியது மரியாதையோடு 'தீஷீத்தே', மூச்சு விடுங்கள், 'நி தீஷீத்தே', மூச்சை அடக்குங்கள். அது எந்த பட்டனிலும் இல்லை. 'க்தே பலீத்', எங்கே வலிக்கிறது, அதுவும் செட்டிங்ஸில் எங்கே தேடினாலும் கிடைக்காது. பாடம் 54 மாதமும் இங்கிலீஷில்தான் நடக்க வேண்டும் என்று நம் ஊர் மெடிக்கல் கமிஷன் 2021ல் விதி போட்டுவிட்டது. அதனால் புத்தகத்தில் ரஷ்யன் வராது. பாட்டிமார்கள் ரஷ்யனில் சொல்வார்கள். உன் ஊரில் சிலர் அந்தப் பக்கத்துத் தாதார் மொழியில் சொல்வார்கள், அதற்கு எந்த செட்டிங்ஸும் போதாது. போனை மாற்றினால் எழுத்து கண்ணுக்குப் பழகும். காதுக்கு நீ கேன்டீன் அக்காவிடம்தான் பேச வேண்டும். போனை மாற்றிவிட்டோமே என்று அதை விட்டுவிடாதே.

இவ்வளவு எழுதியும், வேண்டாம் என்றவள் எப்போது மனசு மாறினேன் என்று சொல்லவில்லை பார். செவ்வாய்க்கிழமை. அந்தப் பழைய போனின் லாக் ஸ்கிரீனில் அவசர அழைப்பைத் தொட்டேன். ரத்த வகை, தெரிவிக்க வேண்டிய ஆள் என்று உள்ளே ஒரு பக்கம் இருக்கிறது. லாக்கைத் திறக்காமலே யாரும் பார்க்கலாம். உன் போனில் அதை நான்தான் ஊருக்குப் போகும் முன் இங்கிலீஷில் நிரப்பிக் கொடுத்தேன். ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாய் என்று பத்து நாள் கழித்துச் சொன்னாயே, அன்றைக்கு உன் போனைக் கையில் எடுத்தவர் அங்கே இருக்கிற யாரோ ஒருத்தர்தானே. அவருக்கு 'பி பாசிட்டிவ்' என்று நான் எழுதியது புரிந்திருக்குமா? அங்கே அதை மூன்றாம் குழு, ரீசஸ் பாசிட்டிவ் என்று எண் போட்டுச் சொல்கிறார்களாம். 'மதர்' என்று இருப்பதை 'மாமா' என்று மாற்ற வேண்டும். ரஷ்யனில் அம்மாவுக்கு அதுதான். நம் ஊரில் என் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். போன் உன் கையில் இருக்கும்போது எந்த மொழியும் இருக்கட்டும். கீழே விழுந்தால் எடுக்கிறவருக்குத் தெரிந்த மொழியில் அந்த ஒரு பக்கமாவது இருக்கட்டும். இதை இன்றைக்கே செய். மற்றதெல்லாம் மெதுவாக. அவசர எண் 112 போனில் இருக்கும், ஆம்புலன்ஸுக்கு 103 என்று தனியாக எழுதி வை.

டெம்பர்ட் கிளாஸ் இரண்டும் கடலை மிட்டாய் ஒரு கிலோவும் உன் சீனியர் பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன். மிட்டாயை மூன்று நாளில் தீர்க்காதே.

ஒரு சந்தேகம். நேற்று ராத்திரி கடை மூடுகிற நேரம், உனக்கு ஆறரை இருக்கும், அந்தப் பழைய போனில் சார்ஜ் குறைந்து ஒரு பெட்டி வந்தது. இரண்டு பட்டன். ஒன்றுகூட நான் மேலே சொன்ன நாலில் இல்லை. அப்பா "எதையும் அமுக்காதே" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கப் போய்விட்டார். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். இடது பக்கத்தையா, வலது பக்கத்தையா?

அன்புடன்,
அம்மா