கிணறு வெட்டேலாத யாழ்ப்பாணம்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
கார்த்திகை, ஞாயிறு இரவு.

மச்சான்,

நாலு மாசமாப் பதில் போடேல்லை எண்டு நீ திட்டி அனுப்பினது முழுக்கக் கேட்டனான். பேச்சு எனக்குத் தகும். வீட்டில எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ, மழைக்குக் கூடிப்போச்சு. கட்டையன் திரும்பவும் கோழி வளக்கிறான். இதுக்கு மேல ஒண்டும் கேளாதை.

எங்க துலைஞ்சனி எண்டு கேட்டாய். யாழ்ப்பாணத்துக்குள்ளதான், ஆனா வேற யாழ்ப்பாணம். மகன் நகரம் கட்டுற கேம் ஒண்டு போட்டுத் தந்தவன். சிரியாதை. 1993இல வந்த சிம் சிட்டி 2000ஐப் பத்து வருசம் பிந்திப் பழைய கொம்பியூட்டரில ஓட்டி, ஐம்பது வருச ஆயுள் முடிஞ்ச மின்நிலையத்தை மாத்தாமல் வெடிக்க வைச்ச மேயர் ஆரெண்டு எனக்கு ஞாபகம் இருக்கு.

இந்தக் கேமில எங்கட ஊரையே கட்டலாம். நிலத்தின்ர உயரம் தேவை, அது சும்மா கிடைக்குது: 2000 மாசியில எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுத்தி றேடாரால அளந்த கணக்கு. ஏத்திப் பாத்தால், தட்டையாக் கிடக்க வேண்டிய ஊரில கைதடிப் பக்கம் அஞ்சாறு மீற்றருக்கு மேடுகள்! ரெண்டு நாள் மண்டையைச் சொறிஞ்ச பிறகுதான் விளங்கிச்சு. அந்த றேடார் மண்ணை மட்டும் அளக்கேல்லை, மர உச்சியையும் கூரையையும் சேத்து அளந்துபோட்டுது. மேடெல்லாம் பனங்கூடல் மச்சான். 2000இல நிண்ட பனையள். அதில எவ்வளவு பிறகு வங்கர் பதுங்குகுழியளுக்குத் தறிபட்டதோ. மரம் போயிட்டுது, மேடு மட்டும் கணக்கில நிக்குது. இடிச்சுத் தட்டையாக்க மனம் வரேல்லை எண்டால் நீ நக்கலடிப்பாய்.

சரி, மேட்டில பனையை நட்டன். பிறகு குறுக்கால றோட்டுப் போட்டன். றோட்டுக்கெண்டு கேம் நிலத்தைத் தானாச் செதுக்கும். நிலம் பதிஞ்சுது, பனை பதியேல்லை! இருபது முப்பது பனை அந்தரத்தில தொங்குது, அடியில காத்து. நடேக்க அந்த இடத்தின்ர உயரத்தைக் கேட்டுக் குறிச்சு வைச்சுக்கொள்ளுது, பிறகு நிலம் மாறினதை அதுக்கு ஒருத்தரும் சொல்லுறேல்லை. சேவ் பண்ணித் திரும்பத் திறந்தால் பாதி இறங்கும். மற்றப் பாதி தவம் செய்யுது.

கல்லு இன்னும் மோசம். கீரிமலைக் கரைக்கு வடிவா இருக்கட்டும் எண்டு முருகைக்கல் மாதிரிப் பாறையள் வைச்சு, பிறகு அதுக்கு மேல மண்ணை உயத்திப்போட்டன். அதில வீடு வைக்கப்போனால் 'இடைஞ்சல் இருக்கு' எண்டு சிவப்பில எழுதுது. பாத்தால் வெறும் புல்லு. மூண்டு இரவு, மூண்டு தேத்தண்ணி, மனிசியின்ர மூண்டு முறைப்பு. கடைசியில கமெராவை மண்ணுக்குக் கீழ இறக்கிப் பாத்தன்: பாறை அப்பிடியே புதைஞ்சு கிடக்கு. கண்ணுக்குத் தெரியாது, ஆனா இடத்தை விடாது. எங்கட கணக்கு மாஸ்டரின்ர ஞாபகசக்தி மாதிரி.

கோட்டையைப் பற்றிக் கேளாதை. இந்த நிலம் 16 மீற்றருக்கு ஒரு புள்ளி எண்டு வலை மாதிரிப் பின்னினது. அஞ்சு மூலைக் கோட்டையின்ர கூர் எல்லாம் எலி அரிச்ச விசுக்கோத்து. அகழி வெட்டப் பண்ணைக் கடல் உள்ள வந்து ஆசுப்பத்திரி றோட்டு வரைக்கும் வெள்ளம்.

ஆனா என்னை மடக்கினது கிணறு. ஒரு புள்ளிக்கு ஒரு உயரம்தான் எழுதலாம். ஆறடி அகலத்தில நேரா ஒரு துளை இறக்க வழியில்லை. குழி தோண்டினால் குளமாப் போகுது. கடைசியில வேலிக் கம்பத்தையும் கல்லையும் வட்டமா அடுக்கி, துலாவுக்கு ஒரு விளக்குக் கம்பத்தைச் சரிச்சு வைச்சன். தூரத்தில கிணறுதான். கிட்டப் போனால் கட்டுக்குள்ள புல்லு முளைச்சிருக்கு. வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிற ஊரில, தண்ணியில்லாத கிணறுகளா வைச்சுக்கொண்டு போறன். உங்கட கோண்டாவில் வளவும் அதில இருக்கு. படலை, மா, தொட்டி, கிணறு, எல்லாம்.

இனி இதைச் சுத்திச் சுத்தி எழுதேலாது மச்சான். உங்கட கிணத்தை மூடிப்போட்டாங்கள்.

வளவை வாங்கின ஆளைக் குறை சொல்ல வரேல்லை. அவருக்குக் குழாய்க் கிணறு இருக்கு, கார் விட இடம் வேணும். நாலு மாசத்துக்கு முன்னம் மதிலை உடைச்ச கல்லையும் கிரவலையும் நாலு உழவுயந்திரத்தில கொண்டந்து கொட்டினவை. நான் கடைக்குப் போகேக்க கண்டு, சைக்கிளை விட்டிட்டு நிண்டனான். முதல் கல்லு விழேக்கத் தண்ணிச் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் கல்லிலை கல்லு விழுற சத்தம். பிறகு அதுவும் இல்லை. மேல கொங்கிறீற் போட்டாச்சு.

உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமத்தான் எழுதாமல் இருந்தனான். கோழியும் கேமும் சாட்டு.

போன கிழமை மூண்டு நாள் அடை மழை. நேற்றுப் பாத்தன், கொங்கிறீற் நடுவில வட்டமா அரையடி பதிஞ்சு வெடிச்சுக் கிடக்கு. கீழ சுண்ணாம்புக்கல்லு, தண்ணி தன்ர வழியில போகத்தானே செய்யும். அந்த மனிசன் தலையில கை வைச்சுக்கொண்டு நிக்கிறார். "இதில முந்தி என்ன இருந்தது?" எண்டு என்னட்டக் கேட்டார். கொட்டினவரே கேக்கிறார்! நான் சிரிச்சுப்போட்டன், பிறகு வெக்கமாப் போச்சு.

கப்பியைக் கேட்டு வாங்கி வைச்சிருக்கிறன். இரும்புதான், கறள் கட்டியிருந்தது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சாச்சு. இப்ப சுத்துது, ஆனா அந்தக் கீச்சுச் சத்தம் இன்னும் இருக்கு. பார்சலில போட்டால் பாரம், காசு கூட. மாசியில பெரியக்கா வாறா எண்டு சொன்னாய். அவவின்ர பெட்டியில இடமிருக்குமோ எண்டு கேட்டு எழுது.

உன்ர,
மேயரின்ர கணக்குப்பிள்ளை