ஞாயிறு இணைப்பில் வந்த மணல்மேட்டுப் படம் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் எங்கள் மணல் சறுக்குக் குழுவைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் கட்டுரைக்கு மேலே பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு படம் இருந்ததே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். சிவப்புச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் பலகையில் நின்றபடி சறுக்கி வருகிறார். பின்னால் கடல். காலடியில் பச்சைப் பசேலென்று கொடி, அதில் ஊதாப் பூக்கள். அழகான படம். அந்த இடத்தில் யாரும் சறுக்கவே கூடாது.

பழியை உங்கள்மேல் மட்டும் போட மாட்டேன். பலகை எங்களுடையது, இளைஞரும் எங்கள் குழுவினர். வெறும் மணல் படத்தில் எடுபடவில்லை, கடலும் பச்சையும் சேர்ந்து தெரிகிற இடமாக வேண்டும் என்று உங்கள் புகைப்படக்காரர் கேட்டிருக்கிறார். எங்கள் பிள்ளைகள் பத்திரிகை என்றதும் மயங்கி, அவரைக் கடல் பக்கத்து மேட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் அப்போது மறுபக்க அடிவாரத்தில் மெழுகும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். விஷயம் தெரிந்து மூச்சிரைக்க ஓடி வருவதற்குள் அவர் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. குழுவில் வயதில் மூத்தவள். முதல் நாளே முகம் குப்புற விழுந்து, இரவு வரை பல்லிடுக்கில் மணல் நறநறத்தது. அதன்பின் உட்கார்ந்தபடி மட்டும் சறுக்குகிறேன். மற்ற நேரமெல்லாம் பலகையின் அடியில் மெழுகு தேய்ப்பது என் வேலை. ஒவ்வொரு சறுக்குக்கு முன்பும் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை பாதிச் சரிவில் நின்று, ஆள் மட்டும் கீழே வருவார். மழை பெய்த மறுநாள் எவ்வளவு தேய்த்தாலும் வீண், ஈர மணல் பிடித்துக்கொள்ளும்.

மணல்மேட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு என்று வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். காற்று வந்து மோதும் முகத்தில் சரிவு குறைவு. 10 அல்லது 15 பாகைதான் இருக்கும். அந்த வழியாகக் காற்று மணலை உருட்டிக்கொண்டு உச்சிக்கு ஏறி, மறுபக்கம் கொட்டுகிறது. கொட்டிய மணல் குவிந்து குவிந்து, சரிவு ஏறத்தாழ 34 பாகையை எட்டியதும் தாங்க மாட்டாமல் தானே வழிந்து இறங்குகிறது. வரைந்தபோது எனக்கே அது வெறும் கோடுதான். அதன்மேல் உட்கார்ந்து கீழே பார்த்த அன்றுதான் 34 பாகை என்றால் என்னவென்று வயிற்றில் உறைத்தது.

எங்கள் குழு சறுக்குவது அந்தச் சரியும் முகத்தில். அங்கே செடி கிடையாது. முளைத்தாலும் மணல் விட்டுவைக்காது. காலையில் நாற்பது பேர் உழுத தடத்தைக் காற்று அடுத்த நாளைக்குள் வழித்துத் துடைத்துவிடுகிறது. அதனால்தான் இந்த விளையாட்டை நான் துணிந்து ஆதரிக்கிறேன்.

கடலை ஒட்டிய முன்வரிசை மேட்டின் கதை வேறு. படத்தில் இருந்த கொடி அடும்பு. இலை ஆட்டின் குளம்புபோல் பிளந்திருப்பதால் ஆட்டுக்கால் அடம்பு என்பவர்களும் உண்டு. தரையோடு தரையாகப் படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும். காற்றில் வரும் மணல் அதன் இலைகளில் தடுக்கித் தங்கும்; கொடியையே மூடிவிட்டால், மூடிய மணலுக்கு மேலே வந்து மறுபடி படரும். இராவணன் மீசைப் புல்லும் இதே வேலையைச் செய்கிறது. ஆக, மேட்டின்மேல் கொடி வளர்ந்தது என்பதைவிட, கொடி மேட்டை வளர்த்தது என்பதே சரி. நெய்தல் பாடல்களில் மணல்மேட்டுக்கு எக்கர் என்று பெயர். அந்தப் பாடல்களில் அடும்பு படர்ந்து கிடப்பதைப் பள்ளியில் படித்தவர்கள் பலருக்கு அது அலங்காரம் என்றே நினைப்பு.

சறுக்கும் பலகையைவிட ஏறும் கால்தான் அந்தக் கொடிக்கு எமன். சறுக்கி இறங்கப் பத்து விநாடி போதும். மறுபடி ஏற வேண்டுமே! ஓரடி வைத்தால் அரையடி வழுக்கும். பிடி கிடைக்குமென்று ஆள்கள் கொடியின்மேல் மிதித்து ஏறுவார்கள், கையால் இழுத்தும் ஏறுவார்கள். நாலு வாரம் ஒரே தடத்தில் ஏறினால் கொடி அறுந்து மணல் வெளியே தெரியும். அந்த வாய் வழியாகக் காற்று புகுந்து குழி பறிக்கும். குழி அகன்று அகன்று ஒரு நாள் மேட்டின் நடுவே கணவாய்போல் திறந்துகொள்ளும்.

அப்படித் திறந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு 2004 டிசம்பரை நினைவூட்டுகிறேன். இலங்கையின் யால கடற்கரையில் கடலை மறைக்கிறதென்று ஒரு விடுதியின் முன்னிருந்த மணல்மேட்டில் ஒரு பகுதியை அகற்றியிருந்தார்கள். ஆழிப்பேரலை அந்த விடுதியை அடியோடு கொண்டுபோயிற்று. அலைக்குப் பின் அந்தக் கடற்கரைகளை ஆராய்ந்தவர்கள், மேட்டை அகற்றியதையும் விடுதியின் அழிவையும் சேர்த்தே எழுதினார்கள்.

இவ்வளவு சொன்னதால் பச்சை என்றாலே கையெடுத்துக் கும்பிடுகிறவள் நான் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் மணலைக் கட்டிப்போட ஐரோப்பாவிலிருந்து ஒரு புல்லைக் கொண்டுவந்து நட்டார்கள். அது வேண்டிய அளவுக்கு மேலேயே கட்டிப்போட்டுவிட்டது. திறந்த மணல் சுருங்கி, திறந்த மணலில் முட்டையிடும் சிறு பறவைகளுக்கு இடமில்லாமல் போனது. இப்போது அதே புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். எந்த மேட்டில் எந்தச் செடி என்று பார்த்துப் பேச வேண்டிய விஷயம் இது.

கட்டுரையிலும் இரண்டு இடங்கள் என்னை உறுத்தின. "குடும்பத்தோடு மதியப் பொழுதைக் கழிக்க ஏற்ற இடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, வெயிலில் மணல் காற்றைவிட மிக அதிகமாகச் சுடும். கொலராடோவின் பெருமணற்குன்றுகள் தேசியப் பூங்காவில் கோடைப் பிற்பகலில் மணல் 65 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்று பூங்காவினரே எச்சரிக்கிறார்கள். நாங்கள் விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் பலகைகளைக் கட்டிவிடுகிறோம். செருப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தையோடு மதியம் வருபவர்களை நான் திருப்பி அனுப்பினால், பேப்பரில் போட்டிருக்கிறதே என்று உங்கள் கட்டுரையைத்தான் நீட்டுவார்கள். சறுக்குவதற்கு அந்தப் பூங்காவில் தடையில்லை. செடியில்லாத மணலில் மட்டும் என்பது விதி. ஒரே வரி. எங்கள் குழுவும் அதைத்தான் ஓர் அறிவிப்புப் பலகையில் எழுதி நட்டிருக்கிறது. உங்கள் படம் எடுத்த இடத்துக்கு இருபதடி தள்ளித்தான் அது நிற்கிறது.

இரண்டாவது, "உச்சிவரை ஜீப் வசதி செய்து கொடுத்தால் கூட்டம் பெருகும்" என்ற கடைசி வரி. பெருகும், ஐயமில்லை. பெரு நாட்டின் ஹுவாக்காச்சினாவில் வண்டியில் ஏற்றி உச்சியில் இறக்கிவிடுகிறார்கள் என்று எங்கள் குழுவிலேயே சிலர் வாதாடுகிறார்கள். அந்தக் குன்றுகளில் மிதிபடச் செடி இல்லை. நமீபியாவின் ஸ்வகோப்முண்டைப் பார்க்கச் சொல்கிறேன். சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே பலகையைச் சுமந்துகொண்டு நடந்து ஏறுகிறார்கள். அந்த ஊரைச் சுற்றியுள்ள சரளைச் சமவெளியில் டமாரா ஆலா என்ற சிறு பறவை வெறுந்தரையில் ஒற்றை முட்டை இடுகிறது. வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்கு அந்த முட்டையும் ஒரு கல்தான். சரளையில் பதிந்த சக்கரத் தடமோ பல பத்தாண்டுகள் அழியாமல் கிடக்கும். 2010இல் அந்தக் கரை டோரோப் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின், கண்ட இடத்தில் வண்டி ஓட்ட முடியாது.

எங்களிடம் வண்டி கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒருமுறை வந்து போகிறவர்கள். நடந்து ஏறுகிறவர் மூன்று முறை சறுக்கியதும் களைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார். ஜீப் ஏற்றிவிட்டால் முப்பது முறை சறுக்குவார், நிழற்குடை கேட்பார், அப்புறம் தின்பண்டக் கடை, விளக்குக் கம்பம். என் முழங்கால் வலிக்கு ஜீப் வந்தால் நல்லதுதான். ஆனாலும் வேண்டாம் என்கிறேன்.

எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதைத் தொடங்கிவிட்டோம். ஏறுவதற்கு வெறுமணல் ஓரமாக ஒரே பாதை, இருபுறமும் கயிறு. கடல் பக்கத்து மேட்டின் முன் இரண்டு தன்னார்வலர்கள் முறைபோட்டு நிற்கிறார்கள். கட்டுரை வந்த பிறகு வந்தவர்களில் பதினோரு பேர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பூ இருக்கிற இடம் எங்கே?" கைப்பேசியில் உங்கள் படத்தையே காட்டிக் கேட்டார்கள். சிவப்புச் சட்டை இளைஞர் இப்போது அங்கேதான் காவல் நிற்கிறார், வேறு சட்டையில்.

ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு அதே அகலத்தில் இல்லாவிட்டாலும், கண்ணில் படும் அளவுக்காவது இத்துடன் அனுப்பியுள்ள படத்தை வெளியிடுங்கள். என் கைப்பேசியில் எடுத்தது, சற்றே சாய்ந்திருக்கும். கடல் தெரியாது, பூவும் இல்லை. கயிற்றோரமாக ஒரு பெண் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
மெழுகு தேய்க்கும் தன்னார்வலர்