உன் காலணி நனைந்த கார்

ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிச்சிகன்
அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேரனுக்குக் காது குத்திய படங்களை இருவரும் பார்த்தோம். மடியில் வைத்திருக்கும் தாய்மாமனைவிட நீதான் அதிகமாகக் கண் கலங்கியிருக்கிறாய் என்று வீட்டில் சொல்கிறாள். "காரை விற்கப் போகிறாயாமே, என் காலணி நனைந்த கதையையும் சேர்த்துத்தானே விற்பாய்?" என்று கடைசி வரியில் விளையாட்டாகக் கேட்டிருந்தாய். என் பழைய 1965 ஃபோர்டு மஸ்டாங் சென்ற சனிக்கிழமை கைமாறிவிட்டது. உன் காலணிக் கதையைச் சொல்லித்தான் விற்றேன். ஆனால் அதைச் சொல்வதற்கு எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

விற்றதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. காருக்கடியில் அட்டையை விரித்துப் படுத்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. மகனுக்கு அதில் நாட்டமில்லை. அடுத்த ஆண்டு சிறிய வீட்டுக்கு மாறும்போது ஒரு காருக்குத்தான் இடமிருக்கும்.

அந்த வண்டியை நீ ஒரு நாள்தான் பார்த்தாய் என்பதால் அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். மஸ்டாங்கை ஃபோர்டு நிறுவனம் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியபோது அடிப்படை விலை 2,368 டாலர். முதல் ஓராண்டில் நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. 1965 மாடலில் கூரை மடியும் வகை மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஆகவே என் வண்டி அபூர்வமானது ஒன்றுமல்ல. என் பெருமையெல்லாம் அது இங்கிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் டியர்பார்ன் ஆலையில் பிறந்தது என்பதுதான். அடையாள எண் 5எஃப்08சி என்று தொடங்கும்: 5 என்றால் 1965, எஃப் என்றால் டியர்பார்ன், 08 என்றால் கூரை மடியும் கன்வர்ட்டிபிள், சி என்றால் 200 குதிரைத்திறன் கொண்ட 289 கன அங்குல வி-8 எஞ்சின். சாதாரணக் கூரை வண்டிக்கு 07. கூரையை அறுத்தெறிந்துவிட்டுக் கன்வர்ட்டிபிள் என்று விற்கும் கில்லாடிகள் உண்டு என்பதால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் தேடுவது இந்த இரண்டு எண்களைத்தான்.

2011இல் 9,500 டாலருக்கு வாங்கியபோது அது ஓடும் நிலையில் இல்லை. மிச்சிகனில் பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு அடித்தட்டைச் சல்லடையாக்கியிருந்தது. மஸ்டாங்குக்குச் சேஸிஸ் என்னும் தனி அடிச்சட்டகம் கிடையாது, உடலே வண்டியைத் தாங்கும் சட்டகம். அதிலும் இந்த வகையில் கூரையும் இல்லை என்பதால் கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டங்கள் துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்ந்து கதவு மூடாமல் போகும். அவற்றையும் அடித்தட்டையும் புதிதாக வெட்டி வெல்டிங் செய்ய இரண்டு கோடைகள் ஆயின. டிங்கர் வேலை, பெயிண்ட், இருக்கைத் துணி, கூரைத் துணி என்று 34,000 டாலர் வரை போனது. என் உழைப்புக்குக் கணக்கில்லை.

ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டேன். முன்கண்ணாடிக்குக் கீழே, காற்று உள்ளே வருவதற்காக ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. இங்கே அதைக் கௌல் என்பார்கள். மழைநீரும் சருகும் அதற்குள் விழுந்து, வடிய வழியின்றித் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். முறையாகச் சரி செய்ய வேண்டுமானால் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பெட்டியைப் பிரித்தெடுக்க வேண்டும். 2013இல் பணமும் தெம்பும் தீர்ந்திருந்த நேரத்தில், ஃபைபர்கிளாஸ் பட்டி பூசி அடைத்துவிட்டு, இனி மழையில் எடுக்கப் போவதில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று ஆண்டு கழித்து நீ வந்தபோது, உட்வர்ட் சாலையில் திடீரென மழை பிடித்து, பாதியில் நின்றுபோன கூரையை நாம் இருவரும் கையால் இழுத்து மூடி உட்கார்ந்த பிறகு, உன் வலது காலணிக்குள் சொட்டியது அந்தப் பெட்டியின் நீர்தான்.

விளம்பரம் எழுதும்போது ஃபைபர்கிளாஸ் ஒட்டு நினைவுக்கு வராமல் இல்லை. "நீர்க்கசிவு இல்லை" என்று பொய்யும் எழுதவில்லை. அந்த வரியே இல்லாமல் எழுதினேன், அவ்வளவுதான். காப்பீட்டு நிறுவனமான ஹேகர்ட்டி வெளியிடும் மதிப்புப் பட்டியல் பழைய கார்களை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரிக்கும்: ஒன்று கண்காட்சித் தரம், நான்கு ஓடினால் சரி. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் என்று நானே தீர்மானித்து 39,000 கேட்டேன். போட்ட செலவை வைத்து விலை சொல்லக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவன், அதைத்தான் செய்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

முதலில் எழுதியவர் வண்டியைப் பார்க்காமலே கேட்ட விலைக்கு மேல் வங்கிக் காசோலை அனுப்புவதாகவும், மிகுதியை லாரிக்காரருக்கு நான் அனுப்பிவிட வேண்டும் என்றும் சொன்னார். அது பழைய மோசடி, காசோலை போலி என்று தெரிவதற்குள் நாம் அனுப்பிய பணம் போயிருக்கும். அடுத்தவர் ஒரு வியாபாரி, பாதி விலைக்குக் கேட்டார். பிறகு வந்த இளைஞர், எஞ்சின் எண்ணும் உடல் எண்ணும் பொருந்துவதைக் காட்டு என்றார். 1965 மஸ்டாங்கில் உயர்திறன் கொண்ட கே வகை எஞ்சினில் மட்டுமே வண்டியின் எண்ணைப் பொறித்தார்கள், என்னுடைய சி வகையில் வார்ப்புத் தேதியைப் பார்த்து அசல் எஞ்சின்தானா என்று ஊகிக்கத்தான் முடியும் என்றேன். ஆலைப் பதிவேட்டு நகலாவது வேண்டும் என்றார். அப்படிக் கிடைக்கும் பதிவேடுகள் 1967இல்தான் தொடங்குகின்றன. பிரேக்கை ஒற்றைச் சுற்றிலிருந்து இரட்டைச் சுற்றாக நான் மாற்றியதையும் "அசல் கெட்டுவிட்டது" என்று குறை சொல்லிவிட்டுப் போனார். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் கைவிடும் அசல் எனக்கு வேண்டாம் என்பதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

மூன்றாவது வாரம் வந்தவர் எழுபதைக் கடந்தவர், கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துணி சுற்றிய காந்தம் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, பெயிண்டைக் கீறாமல் கதவடியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்த்தார். பட்டி தடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது. எல்லா இடத்திலும் ஒட்டியது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கச் சொல்லி, கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், இடைவெளி மாறவில்லை. நான் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தபோது, "ஒரு செம்புத் தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்; அவர் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நிற்கையில் உன் கடிதத்தின் கடைசி வரிதான் கண்முன் வந்தது. செம்போடு திரும்பி வந்ததும், அவர் ஊற்றுவதற்கு முன்பே, 2013இல் என்ன செய்தேன், யாருடைய காலணி நனைந்தது, அதை ஏன் விளம்பரத்தில் எழுதவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டு, முட்டி போட்டு டார்ச்சை அடித்தார். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஹீட்டர் பெட்டியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, கார்ப்பெட்டில் விழுந்தது. "நீ சொன்ன இடம்தான்" என்றார்.

36,000 டாலருக்கு முடிந்தது. இரும்புக்காக மட்டுமே விலையைக் குறைத்திருக்கிறேன், உன் வாய்க்காகக் குறைக்கவில்லை என்று அவர் சொன்னதைப் பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை. மொத்தக் கணக்கில் 7,500 டாலர் நட்டம். ஏழு கோடைகளுக்கு வாடகை என்று எழுதிக்கொள்ளலாம். அவருடைய வங்கிக்கே இருவரும் போய், காசாளர் என் கண்ணெதிரே காசோலை எழுதிய பிறகு, நம் ஆர்.சி. புத்தகம் போன்ற டைட்டிலில் கையெழுத்திட்டேன். இந்த மாநிலத்தில் நம்பர் பிளேட் வண்டியோடு போகாது, விற்றவனோடு தங்கிவிடும். ஸ்க்ரூவைக் கழற்றும்போது ஒன்று துருவில் இறுகிக்கொண்டு வரவே மாட்டேனென்றது. கடைசியில் அவர்தான் கழற்றினார்.

இந்தக் குளிர்காலத்தில் கௌலைப் பிரித்து முறையாக வெல்டிங் செய்யப் போகிறாராம். ரசீதுக் கோப்பு முழுவதையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். 2013 ஒட்டு வேலையின் படங்களும் அதில் இருக்கின்றன. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, பழைய கார்களெல்லாம் ஊர்வலம் வரும் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்கு அதைக் கொண்டு வருவதாகச் சொன்னார். நீயும் அந்த வாரத்தில் வருவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு, பயணச்சீட்டு விலை ஏறுவதற்குள். பின் இருக்கையில் நம் இருவருக்கும் இடம் கேட்டிருக்கிறேன். முன் இருக்கையின் வலப்பக்கம் அவர் மனைவிக்காம்.

என்றும் அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழன்