மாப்ளைக்கு, லைனுக்குக் கிளம்பும் முன்

மாப்ள,

பங்குனிப் பொங்கல் முடிந்ததும் கேரளா லைனுக்கு, மலைக் கடைகளில் நோட்டு ஆர்டர் எடுக்க, கிளம்புகிறேன். இந்தத் தடவை நீ போடுகிற நோட்டு இல்லை, வேறொருவர் சரக்கு. யாருடையது என்று இங்கே எழுதமாட்டேன், அவருக்குச் சங்கடம், உனக்கும் ரெண்டு நாளில் எப்படியும் தெரிந்துவிடும். கடைவீதியில் யாரோ ஒருவர் டீ குடித்துக்கொண்டே உன்னிடம் சொல்வதற்கு முன்னால் என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. நேரில் வந்தால் ரூலிங் மிஷின் சத்தத்தைச் சாக்கு வைத்துத் தலையை மட்டும் ஆட்டுகிறாய். அதனால்தான் ஊர் பார்க்க இப்படி எழுதுகிறேன். இதுவும் உனக்குப் பிடிக்காது, தெரியும்.

பேச்சு ஏன் நின்றது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. அன்றைக்கு உன் ஆபீசில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அது தெரியும். ஒரு சொல்லை மட்டும் என்னால் விட முடியவில்லை. "ஊர் சுத்தப் போறதுக்கு வியாபாரம்னு ஒரு பேரு." அதை நீ என்னிடம்கூடச் சொல்லவில்லை. செலவு நோட்டைப் பார்த்துக்கொண்டு உன் மச்சானிடம் சொன்னாய், நான் எதிரிலேயே நின்றுகொண்டிருக்கும்போது. எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாய் என்பதையும் பார்த்தேன். லக்கம் அருவி டிக்கெட், டீ, பஜ்ஜி, டீசல் என்று என் கையெழுத்தில் இருந்த நாலு வரியைச் சுற்றி யாரோ சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள்.

அந்த நாளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மூணாறில் ஆர்டர் எடுத்து முடித்து மறையூருக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். மதியம் கடைக்கு வந்துவிடுவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். லக்கம் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டியது நீ. இதை உன் மச்சான் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன், நிறுத்தியது நீ. "சிவகாசி வெயில்ல மூணு மாசமா வெந்திருக்கேன்டா, அரை மணி நேரம் தலையக் காட்டிட்டு வந்துருவோம்" என்றாய். ஏப்ரல் என்பதால் தண்ணீர் கொஞ்சம்தான், ஆனாலும் ஐஸ் மாதிரி இருந்தது. நீ பாறையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்ததைப் பார்த்தபோது, வங்கித் தவணை, ஆள் பற்றாக்குறை, காகித விலை எதுவும் உன் முகத்தில் இல்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் உன் முகத்தை நான் அப்படி அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம் கோடை மழை பிடித்துக்கொண்டது. வண்டிக் கேரியரில் சாம்பிள் பெட்டிகள், தார்ப்பாய் ஒரு மூலையில் கிழிந்து கிடக்கிறது. ஈர லுங்கியோடு ரெண்டு பேரும் ஓடிப்போய்ப் பெட்டிகளை ரோட்டோர டீக்கடைக்குள் தூக்கி வைத்தோம். அந்தக் கடைக்கார அக்கா திட்டுவார் என்று நான் பயந்தேன். அவர் பெஞ்சை நகர்த்தி இடம் விட்டார். அவர் மகள், ஆறோ ஏழோ படிக்கும், நனைந்த அட்டைகளைத் துடைக்கிற சாக்கில் ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தது. எழுதிப் பார்க்கட்டுமா என்று கேட்டது. நீ உன் சட்டைப் பையிலிருந்த ஜெல் பேனாவைக் கொடுத்தாய். அது தன் பெயர், வகுப்பு, பள்ளிக்கூடத்தின் பெயர் எல்லாம் எழுதி, பக்கத்தைத் திருப்பி, உன்னிடம் காட்டியது. "அண்ணே, இதுல பின்னாடி தெரியுது."

நானாக இருந்தால் சிரித்துவிட்டு நோட்டை அதுக்கே கொடுத்திருப்பேன். நீ தரையில் சம்மணம் போட்டு அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். பின்னாடி தெரிந்தால் என்னம்மா ஆகும் என்று கேட்டாய். டீச்சர் ஒரு பக்கம்தான் எழுதச் சொல்வார்கள், அதனால் நோட்டு பாதி வருசத்திலேயே தீர்ந்துபோகும், அம்மா இன்னொன்று வாங்கணும், என்றது. அவ்வளவுதான் சொன்னது. நீ அதன்பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். மழை விட்டும் கிளம்பவில்லை.

சாயங்காலம் மறையூர்க் கடையில் அண்ணாச்சி ஆர்டர் எழுத உட்கார்ந்தபோது, நீதான் அவர் கையைப் பிடித்தாய். "இந்தப் பேப்பர் வேண்டாம்ணே. இது 54 ஜி.எஸ்.எம். உங்களுக்கு 60-ல போட்டுத் தாரேன், விலை இதே விலைதான்." ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை, அது கூடினால் தாள் தடிக்கும், செலவும் ஏறும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டிக்கு வந்ததும் உன்னோடு சண்டை போட்டேன், டன்னுக்கு எவ்வளவு கூடும் தெரியுமா என்று கத்தினேன். நீ சொன்ன பதில்: "ரெண்டு பக்கமும் எழுத முடியலன்னா 192 பக்கம்னு அட்டையில போடுறதே பொய்டா."

மாப்ள, ஊரில் அட்டையையும் சேர்த்துப் பக்கம் எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். நீ ஒருநாளும் அதைச் செய்ததில்லை. நமக்குள் என்ன இருந்தாலும், இதைப் படிக்கிற மற்றவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நோட்டுக்குப் பட்டறையில் "மறையூர் நோட்டு" என்றே பேர் வந்தது. அடுத்த வருடம் மூணாறு கேட்டது, பூப்பாறை கேட்டது, திரும்பி வரும் வழியில் உடுமலை ஹோல்சேல்காரர் கேட்டார். இன்றைக்குக் கேரளா லைன் என்று நீ எதைச் சொல்கிறாயோ அதில் பாதிக்குமேல் அந்த ஒரு நோட்டுதான். அது அருவியில் குளித்ததால் வந்தது. நேராக மறையூருக்குப் போயிருந்தால் 54-லேயே ஆர்டர் எழுதிக்கொண்டு இருட்டுமுன் சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டியிருப்போம். அந்த நாளில் எது வேலை, எது ஊர் சுத்தல் என்று நீயே பிரித்துக் காட்டு. சிவப்பு வட்டத்தை எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பாய்?

உன் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. 2025 செப்டம்பரில் நோட்டுக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி. போய் வரியே இல்லை என்று ஆனதும், வெளியில் இருக்கிறவர்கள் உனக்கு யோகம் அடித்த மாதிரிப் பேசினார்கள். கடைக்காரர்கள் மறுநாளே விலையைக் குறை என்று நின்றார்கள். நோட்டுக்கு வரி இல்லாததால், அட்டைக்கும் பசைக்கும் பின் கம்பிக்கும் நீ கட்டுகிற வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியுமா? நம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் இலவச நோட்டு வந்து உள்ளூர் ஆர்டர் சுருங்கியபோது, மலையைத் தாண்டினால்தான் பிழைப்பு என்று முதலில் சொன்னவன் நீ. காசு இறுகும்போது எதையாவது வெட்டித்தான் ஆகணும், சரி. ஆனால் முதலில் எதை வெட்டினாய் பார். கடைக்காரர்களுக்குக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏற்றுகிற பால்கோவாவை வெட்டினாய். வெயிலில் கெட்டுப்போகிறது, கோவில்பட்டி கடலை மிட்டாய் போதும், விலையும் கம்மி என்றாய். அதுகூடப் பரவாயில்லை, மூணாறில் பாதிப்பேருக்குக் கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம்தானே பூர்வீகம், கடலை மிட்டாயைக் கண்டதும் அவர்கள் முகம் மலர்ந்தது. அப்புறம் வண்டியை வெட்டினாய். கடைசியில் என்னை வெட்டிவிட்டு, வாட்ஸ்அப்பில் கேட்லாக் அனுப்பினால் ஆர்டர் வந்துவிடும் என்று நம்பினாய். போன சீசனில் ஒரு பையனை பஸ்ஸில் அனுப்பியதும் எனக்குத் தெரியும். கடைக்காரர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். "தம்பி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வேன்? ஆமாம் என்று சொன்னேன். உன் பேர் கெடக் கூடாதே என்று சொன்னேன்.

2020 ஆகஸ்ட்டை யோசித்துப் பார். மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். நியூஸ் வந்த நேரத்திலிருந்து நீ ஒரு போனும் நான் ஒரு போனுமாகக் கடை கடையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. நீ அழுதாய். கொரோனாவில் பள்ளிக்கூடமே திறக்காத வருடம், ஒரு ஆர்டர் கிடையாது, வசூலும் கிடையாது, இருந்தும் ராத்திரி முழுக்கக் கூப்பிட்டோம். வெறும் பார்ட்டிகளுக்காக யாராவது அப்படி விழித்திருப்பார்களா?

இந்த இடத்தில் நீ சொல்லப் போவது தெரியும். "அப்படிப்பட்டவன் ஏன்டா இன்னொருத்தன் சரக்கத் தூக்கிட்டுப் போற?" என்பாய். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. போன சீசன் கமிஷன் வரவில்லை. தொகையை இங்கே எழுதவில்லை, உன் வீட்டிலும் படிப்பார்கள், என் வீட்டிலும் படிப்பார்கள். நான் மற்ற வேலைகளுக்கும் கேட்டுப் பார்த்தேன், காலண்டர் கம்பெனிக்குப் போனேன், எனக்குத் தெரிந்தது இந்த ரோடும் இந்தக் கடைகளும்தான். மன்னிப்புக் கேட்கிறேனா என்றால், ஆமாம், நீ தனியாக அறிய வேண்டிய செய்தியை ஊரோடு சேர்த்துப் படிக்க வைப்பதற்காகக் கேட்கிறேன். லைனை எடுத்துக்கொண்டு போவதற்காகக் கேட்கவில்லை. கடைக்காரர்கள் யாரும் யாருடைய சொத்தும் இல்லை. ஆனாலும் போடிமெட்டு ஏறும்போது பக்கத்து சீட்டில் நீ இருக்க மாட்டாய் என்று நினைத்தால், அதற்கும் சேர்த்துக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. என்னவோ போ.

ஆண்டிபட்டிக் கணவாயில் ஒருமுறை நீ திடீரென்று கேட்டாய், 1920-களில் நம் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்களே, "அவ்வளவு தூரம் ரயில்ல ரெண்டு பேரும் என்னடா பேசிட்டுப் போயிருப்பாங்க?" என்று. தொழிலைத்தான் பேசியிருப்பார்கள் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்ததை எல்லாம் பேசியிருப்பார்கள், அப்புறம்தான் தொழில் என்றாய். நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டிலும் இருக்கிற சாம்பல் நிற அணிலைச் சின்னாறு காட்டில் பார்த்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் அணில் நமக்கு முன்னாடியே வந்து ஆர்டர் எடுக்குதுடா என்று பிரேக் போட்டவனும் நீதான். 2018-ல் குறிஞ்சி பூத்த வருடம் வெள்ளம் வந்து ரோடெல்லாம் போனபோது, அடுத்து பூக்கும் 2030-ல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவோம் என்று ராஜமலையில் வைத்துச் சொன்னாய். அந்த ஆளைத்தான் எனக்குத் தெரியும். சிவப்பு வட்டம் போட்டவனை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும், இதுதான் உனக்கு அதிகம் வலிக்கும். புதுப் பார்ட்டியிடம் நான் வைத்த ஒரே நிபந்தனை, பேப்பர் 60-க்குக் கீழே இறங்கக் கூடாது, அட்டையைச் சேர்த்துப் பக்கம் எண்ணக் கூடாது என்பதுதான். ஒத்துக்கொண்டார். ஆக உன் நோட்டை இன்னொருவர் போடப் போகிறார், நான் அதைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறேன். மட்டமான நோட்டை அந்தப் பிள்ளைகள் கையில் என்னால் கொடுக்க முடியாது, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. கோபம் வந்தால் பட்டுக்கொள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இந்த சீசனுக்கு மாற்ற முடியாது. அடுத்த சீசனைப் பற்றி நீ பேச விரும்பினால் என் நம்பர் அதேதான், எந்த நேரமும் எடுப்பேன்.

மறையூர் அண்ணாச்சியிடம் உன் பாக்கி நிற்கிறது. வாட்ஸ்அப்பில் கேட்டால் அவர் தரமாட்டார், உன் மேல் வருத்தத்தில் இருக்கிறார். நான் போய் உட்கார்ந்து பேசி வாங்கி உன் கணக்கில் போட்டுவிடுகிறேன். அதில் எனக்குச் சேர வேண்டிய போன சீசன் கமிஷனைக் கழித்துக்கொண்டுதான் போடுவேன். ரசீதின் போட்டோ அனுப்புகிறேன், உன் மச்சானிடமும் காட்டிக்கொள்.