பட்டறைக்கு வந்த வேக்குவம்

அன்பு மாப்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. தச்சுப் பட்டறைக்கு ஓடு மாற்றியாச்சு, ஈரத்தையும் தூளையும் இழுக்கிற வேக்குவம் கிளீனர் வாங்கியாச்சு என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் யார் என்ன புடவை கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கே சொல்கிறாள். கோவையில் வார்ப்பட அச்சுக்கான மரப் பேட்டர்ன் வேலை மட்டும் கொஞ்சம் மந்தம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரை இழுத்தால் ஷாக் அடிக்குமோ என்று தங்கச்சி பயப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். இந்த வகை மெஷினில் உறிஞ்சும் காற்று ஒரு வழியில் போகும். மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று வேறு வழியில் போகும். அதனால் உள்ளே போகிற தண்ணீரைவிடத் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் ஆபத்து. உங்கள் நாகர்கோவிலில் இரண்டு பருவமழையும் அடிக்கும். வாசலில் தண்ணீர் ஏறினால் முதலில் அந்த பாக்ஸைச் சுவரில் உயரமாக மாட்டு. மூன்று பின் பிளக்கை வெட்டி இரண்டு பின் ஆக்கிவிடாதே. கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போர்டில் போடச் சொல். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் அளந்து பார்க்கட்டும்.

தண்ணீர் இழுக்கும்போது காகித ஃபில்டரையும் தூள் பையையும் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் உறையை மாட்ட வேண்டும். மூடிக்கு அடியில் ஒரு கூண்டுக்குள் மிதவை இருக்கும், பார்த்திருப்பாய். டேங்க் நிறைந்ததும் அது மேலேறி வழியை அடைக்கும். மோட்டார் சத்தம் கீச்சென்று ஏறும். உடனே ஆஃப் செய். சோப்புத் தண்ணீரில் மட்டும் கவனம்: நுரைக்கு மிதவையைத் தூக்கும் பலம் கிடையாது, நுரை நேராக மோட்டாரின் உறிஞ்சும் விசிறிக்குள் போய்விடும். அப்புறம், 30 லிட்டர் தண்ணீர் என்றால் 30 கிலோ. உன் இடுப்பு இருக்கிற லட்சணத்துக்குத் தூக்கிக் கவிழ்க்கப் போகாதே, அடியில் வடிகால் மூடி இருந்தால் அதைத் திற.

என்னைக் கேட்டால் தண்ணீரைவிடத் தூளுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மரத்தைத் தேய்க்கிற சாண்டர் மெஷினில் இருந்து வரும் தேக்குத் தூள் மாவு மாதிரி நைஸாக இருக்கும். மரத்தூள் மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே சொல்லியிருக்கிறது. நம் ஆட்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு சமாளிப்பார்கள், அது போதாது. தூள் நிறையப் பறப்பது டேங்கைக் கொட்டும்போதுதான். நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியே போய்க் கொட்டு. கழுவிய ஃபில்டர் முழுசாகக் காயாமல் மாட்டினால் தூள் அதில் களியாக ஒட்டி உறிஞ்சும் வேகமே போய்விடும்.

தின்னர், பெட்ரோல், சிந்திய பாலிஷ் எதையும் இதில் இழுக்காதே. மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் எப்போதும் சின்னச் சின்னப் பொறி பறக்கும், அவற்றின் ஆவியில் தீப்பற்ற அதுவே போதும். கிரைண்டர் ஓடும் இடத்திலும் ஹோஸை நீட்டாதே. ஒரு தீப்பொறி மரத்தூளுக்குள் விழுந்தால் வெளியே தெரியாமல் கனன்றுகொண்டே இருக்கும், எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகுதான் எரியும். ஆளிவிதை எண்ணெய் (லின்சீட் ஆயில்) பூசிய மரத்தைத் தேய்த்த தூளுக்குப் பொறிகூட வேண்டாம், குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறும். அன்றன்றைய தூளை அன்றே வெளியேற்றிவிடு.

ஹோஸைப் பிடிக்கும்போது கையில் சுருக்கென்று குத்தினால் பயப்படாதே, காய்ந்த தூள் பிளாஸ்டிக்கில் உரசுவதால் வரும் நிலைமின்சாரம் அது. அதற்கென்றே ஆன்டி ஸ்டாட்டிக் ஹோஸ் கிடைக்கிறது, உன் மெஷினுக்குப் பொருந்துமா என்று கடையில் கேட்டுப் பார்.

பெட்டிக்குள் ஸ்பாஞ்ச் உறை இருக்கிறதா என்று பார்த்து எழுது. இல்லையென்றால் குழாய் விட்டம், டேங்க் அளவு இரண்டையும் அனுப்பு, இங்கே காந்திபுரம் பக்கம் விசாரிக்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராசு