தவறான பெயரில் விற்கப்பட்ட பேய்கள்

அன்புள்ள கயலுக்கு,

சனிக்கிழமை இரவுகளில் நீயும் உன் அறைத்தோழிகளும் சேர்ந்து பேய்ப்படம் பார்ப்பதாகவும், பெயர்பெற்ற படங்களெல்லாம் தீர்ந்துவிட்டதாகவும், எந்தக் கதவு எப்போது படாரென்று திறக்கும் என்பது இப்போது உங்கள் அனைவருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடுவதாகவும் எழுதியிருந்தாய். நீ கேட்டது நீண்ட பட்டியல். நான் தரப்போவது ஐந்தே படங்கள். இவை மோசமாக எடுக்கப்பட்டதால் கவனிக்கப்படாமல் போனவை அல்ல. வேறொன்றாக விற்கப்பட்டதாலோ, வேறொன்றை எதிர்பார்த்து வந்தவர்களிடம் போய்ச் சேர்ந்ததாலோ ஒதுக்கப்பட்டவை. ஆகவே ஒவ்வொரு படத்திலும் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலாவது, 1962இல் வெளிவந்த 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்'. இதன் இயக்குநர் ஹெர்க் ஹார்வி, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊரில், தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் குறும்படங்கள் எடுத்துக் கொடுக்கும் நிறுவனமொன்றில் பணியாற்றியவர். யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்டேர் என்னும் கேளிக்கை மண்டபத்தை வழியில் பார்த்தவர், அந்த மண்டபத்தில் இறந்தவர்கள் நடனமாடும் ஒரு காட்சி வேண்டும் என்று மட்டும் சொல்லி, உடன் பணியாற்றிய ஜான் கிளிஃபோர்டிடம் திரைக்கதையை ஒப்படைத்தார். சுமார் 33,000 டாலர் செலவில், மூன்று வாரங்களில் படப்பிடிப்பு முடிந்தது. வெள்ளை முகத்தோடு கதாநாயகியைப் பின்தொடரும் மனிதனாக நடித்திருப்பவரும் ஹார்வியே. அதன் பிறகு அவர் முழுநீளக் கதைப்படம் எதையும் எடுக்கவில்லை.

பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த காரிலிருந்து ஒரு பெண் மட்டும் கரையேறி வருகிறாள், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்காக வேறோர் ஊருக்குப் போகிறாள், கதை அவ்வளவுதான். அவள் ஒரு துணிக்கடையில் உடை மாற்றிக்கொண்டு வெளியே வரும்போது திடீரென்று உலகத்தின் ஓசை முழுவதும் நின்றுவிடுகிறது. யாரும் அவளைப் பார்ப்பதில்லை, அவள் பேசுவது எவர் காதிலும் விழுவதில்லை. பூங்காவில் ஒரு பறவையின் குரல் கேட்ட பிறகே ஓசை திரும்புகிறது. இந்தக் காட்சியில் இரத்தம் இல்லை, இருட்டுகூட இல்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், கூட்டத்தின் நடுவே நடக்கிறது. சம்பாதித்துத் தனியே வாழும் ஒரு பெண்ணை அண்டை அறைக்காரனும் மருத்துவரும் பாதிரியாரும் ஆளுக்கொரு விதமாகத் திருத்த முயல்வதை இப்படம் எவ்வளவு எரிச்சலோடு கவனிக்கிறது என்பதையும் பார். துணை நடிகர்கள் சிலர் பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் போலப் பேசுவார்கள். சில இடங்களில் உதட்டசைவும் குரலும் ஒட்டாது. அதைப் பொறுத்துக்கொள். காரில் அமர்ந்தபடி பார்க்கும் திறந்தவெளி அரங்குகளில், இரட்டைக் காட்சியின் ஒரு பாதியாக, ஒரு சாத்தான் படத்துடன் சேர்த்து இதை ஓட்டினார்கள். அரட்டைக்கும் தின்பண்டத்துக்கும் நடுவே இப்படியொரு மௌனம் யார் காதில் விழுந்திருக்கும்? 1989இல் மீண்டும் திரையிட்டபோதுதான் விமர்சகர்கள் இதைத் தீவிரமாகப் பேசத் தொடங்கினார்கள்.

இரண்டாவது இன்னும் பழையது: 1943இல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் வால் லூட்டன் தயாரித்து, மார்க் ராப்சன் இயக்கிய 'தி செவன்த் விக்டிம்'. லூட்டனுக்கு ஸ்டுடியோ போட்ட நிபந்தனைகள் விசித்திரமானவை. செலவு ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது, படம் 75 நிமிடங்களுக்குள் முடிய வேண்டும், பரபரப்பான தலைப்பை ஸ்டுடியோவே கொடுத்துவிடும்; அதற்குள் எந்தக் கதையை வைப்பது என்பது மட்டும் அவர் பொறுப்பு. தலைப்பைப் பார்த்து வந்தவர்கள் கொலைகளை எண்ணக் காத்திருந்திருப்பார்கள். படத்தில் இருப்பதோ, நியூயார்க்கில் காணாமல் போன அக்காவைத் தேடும் ஒரு தங்கையும், வரவேற்பறையில் அமர்ந்து நாகரிகமாகப் பேசும் சாத்தான் வழிபாட்டுக் குழு ஒன்றும்தான். அவர்கள் கையால் யாரையும் கொல்வதில்லை என்று சபதம் எடுத்தவர்கள். ஆகவே விஷக் கோப்பையை அந்த அக்காவின் முன்னால் வைத்துவிட்டு, நீயே குடித்துவிடு என்று மணிக்கணக்கில் அன்பாக எடுத்துச் சொல்கிறார்கள். நள்ளிரவுச் சுரங்க ரயிலில், குடித்தவனைத் தாங்கிப் பிடித்திருப்பதுபோல் இருவர் ஒருவனை நடுவில் வைத்திருக்கும் காட்சியும் இதில்தான் வருகிறது. தற்கொலையை இப்படம் கூசாமல் எதிர்கொள்கிறது. உங்களில் யாருக்கு அது தாங்காது என்பதை முன்பே கேட்டுவிட்டுப் போடு.

சத்யஜித் ராய் பேய்க்கதை எடுத்திருக்கிறார் என்று உன் தோழிகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். தாகூர் நூற்றாண்டான 1961இல் அவருடைய மூன்று சிறுகதைகளைக் கொண்டு ராய் எடுத்த 'தீன் கன்யா'வின் நடுப்பகுதியான 'மணிஹாரா'வே அது. வெளிநாடுகளில் இந்தப் பகுதியை நீக்கிவிட்டு, மற்ற இரண்டை மட்டும் சேர்த்து வெளியிட்டார்கள். கலைப்படம் தேடுகிறவர்கள் பேய் என்று ஒதுக்கினார்கள், பேய் தேடுகிறவர்கள் ராய் என்று ஒதுக்கினார்கள். பொருள்களால் மூச்சுமுட்டும் மாளிகை, அதில் கணவனைவிட நகைகளை நேசிக்கும் மனைவி, நகைகளுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று அவள் எண்ணும் கணம். கனிகா மஜும்தார் அந்தச் சந்தேகத்தைக் கண்களிலேயே வைத்திருக்கிறார். இறுதியில் வரும் கை எனக்குச் சற்று நாடகத்தனமாகவே படுகிறது. ஆனால் அதற்கு முன்பு இருட்டில் நெருங்கி வரும் ஆபரண ஒலியைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பேய்க்கு இடைவேளைக்குப் பிறகு ஒரு முன்கதை உண்டு. அதில் ஒரு நிலமோ வீடோ அபகரிக்கப்பட்டிருக்கும், ஒரு குடும்பம் அநியாயமாக அழிந்திருக்கும், பழி தீர்ந்ததும் பேயும் சாந்தியடைந்துவிடும். அரங்கில் விசிலடித்துப் பார்க்க அது நல்ல வடிவம்தான்; நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நான் சொல்லும் இந்தப் படங்களின் பேய்களுக்குத் தீர்த்துக்கொள்ளப் பழி எதுவும் கிடையாது. 'எதற்காக வந்தது?' என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால், அவரை அன்று மட்டும் வேறு அறைக்கு அனுப்பிவிடு.

நான்காவது, பிராட் ஆண்டர்சன் இயக்கிய 'செஷன் 9' (2001). மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உண்மையிலேயே இருந்த டான்வர்ஸ் மனநல மருத்துவமனைக் கட்டடத்தில் எடுக்கப்பட்டது. 1878இல் திறக்கப்பட்டு, 1992இல் மூடப்பட்ட அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதி பின்னர் இடிக்கப்பட்டு அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. பாழடைந்த மனநல மருத்துவமனை என்றதும் எல்லோரும் நோயாளிகளின் ஆவிகளை எதிர்பார்ப்பார்கள். இதுவோ ஒப்பந்த வேலை செய்கிறவர்களைப் பற்றிய படம். கட்டடத்திலிருந்து ஆஸ்பெஸ்டாஸை அகற்றும் ஐந்து பேர். வேலை கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக, ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று முடியாத வாக்கைக் கொடுத்துவிட்ட முதலாளி. வீட்டில் அவனுடைய கைக்குழந்தை. அந்த முதலாளியாக நடித்திருக்கும் பீட்டர் முல்லனின் முகத்தில் தூக்கமின்மை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். அவர்களில் ஒருவன் பழைய நோயாளி ஒருத்தியின் சிகிச்சை ஒலிநாடாக்களைக் கண்டெடுத்து, வேலை நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்கிறான். வேலை பறிபோகும் பயமும், சக ஊழியன் மீதான வன்மமும், நாடாவில் கேட்கும் குரலும் எந்த இடத்தில் ஒன்றாகின்றன என்று பிரிக்க முடியாது. இறுதியில் சற்று அதிகமாகவே விளக்கிவிடுகிறார்கள் என்பது என் குறை. கூட்டமாகப் பார்க்க ஐந்தில் மிகவும் ஏற்றது இதுதான்.

கடைசிப் படம் 'லேக் முங்கோ' (2008). ஆஸ்திரேலியரான ஜோயல் ஆண்டர்சன் எழுதி இயக்கிய ஒரே முழுநீளப் படம். அமெரிக்காவில் இதை 2010இல், இரத்தம் தெறிக்கும் படங்களுக்குப் பெயர்போன ஒரு திகில் பட வரிசையில் சேர்த்து வெளியிட்டார்கள்; எதிர்பார்த்தது கிடைக்காமல் சலித்துப்போனவர்களைக் குறை சொல்லவும் முடியாது. விக்டோரியா மாநிலத்தின் அராரட் என்னும் ஊரில் பதினாறு வயது ஆலிஸ், குடும்பத்தோடு நீந்தப் போன இடத்தில் மூழ்கி இறந்துபோகிறாள். பின்னர் வீட்டில் எடுத்த படங்களில் அவள் தென்படத் தொடங்குகிறாள். படம் முழுவதும் தொலைக்காட்சி ஆவணப்படம்போல நேர்காணல்கள், புகைப்படங்கள், கைப்பேசிக் காட்சிகள் இவற்றாலேயே ஆனது. நடிகர்களுக்கு வசனம் எழுதிக் கொடுக்காமல், சூழலை மட்டும் சொல்லிப் பேசவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் அந்தத் தந்தை, மகளின் உடலை அடையாளம் காட்டியதைச் சொல்லும்போது நடிப்பு என்ற நினைப்பே வருவதில்லை.

பாதிப் படத்திலேயே எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது என்று தோன்றும்; எழுந்துவிடாதே, படம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மகளிடம் முழுவதுமாக மனம் திறந்து பழகவில்லை என்று அந்தத் தாய் ஜூன் சொல்லும் இடத்தில், நான் படத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கழித்தே தொடர்ந்தேன். தாயும் மகளும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு மனநிலையில், ஒரே அறைக்குள் நுழைவதைப் பற்றிப் பேசுவதை இறுதியில் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். ஒருவரையொருவர் தேடும் இருவர் ஒரே வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் தென்படாமலே போக முடியும் என்பதைவிடப் பயங்கரமான எதையும் பேய்ப்படங்களில் நான் பார்த்ததில்லை. பெற்றவள் என்பதால் எனக்கு அப்படிப் படுகிறதோ என்னவோ. நீ பார்த்துவிட்டுச் சொல். பெயர்ப்பட்டியல் ஓடும்போதும் திரையை அணைக்காதே.

ஆனால் இந்தப் படத்தைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் போடாதே. அண்மையில் தந்தையை இழந்த உன் தோழி அங்கே இருப்பாள். அவளாகக் கேட்டால் தவிர, இதன் பெயரைக்கூட எடுக்க வேண்டாம். தனியாகவோ, பேசாமல் பார்க்கத் தெரிந்த ஒருத்தியுடனோ பார். கூட்டத்துக்கு முதலில் 'செஷன் 9', அடுத்து 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' என்று வைத்துக்கொள். பின்னதன் பிரதிகளில் காப்புரிமைக் குறிப்பு இல்லாததால் அமெரிக்காவில் அது பொதுவுடைமையாகி, மங்கிய பிரதிகள் இணையமெங்கும் கிடைக்கின்றன. அவற்றில் ஒலி இரைச்சலாக இருக்கும். அந்தத் துணிக்கடைக் காட்சி பாழாகிவிடும். சீரமைக்கப்பட்ட பிரதியைத் தேடி எடுத்து, மடிக்கணினியின் ஒலிபெருக்கியை நம்பாமல், நீ தீபாவளிக்கு வாங்கிய ஒலிபெருக்கிகளை இணைத்துப் போடு. 'மணிஹாரா'வுக்கு ஒரு மணி நேரமே ஆகும். நீ ஊருக்கு வரும்போது நாம் சேர்ந்து பார்க்கலாம், உன் அப்பா வழக்கம்போல் பாதியில் உறங்கிவிடுவார்.

அன்புடன்,
அம்மா